மரங்கொத்திக்கு எத்தனை மார்க்?

காட்டில் யார் பாடினாலும் பீட் போட்டுக் கொடுத்தது மரங்கொத்திதான். அது பீட் போட்ட ஒவ்வொரு பாட்டும் "டக்... டக்டக்" என்றுதான் தொடங்கும். அதுதான் மரங்கொத்தியின் முத்திரை.

மரங்கொத்தி செத்துப்போன மறுநாள், ரசிகர்கள் அதன் மரத்தடியில் கூடி மார்க் போட ஆரம்பித்தார்கள்.

"பத்துக்குப் பத்து," என்றது தவளை. "அவர் பீட் இல்லாட்டி நான் வெறுமனே கத்திக்கிட்டுக் கிடந்திருப்பேன்."

"ரெண்டே அதிகம்," என்றது ஓணான். அதுவும் வாலால் பீட் போடும். ஆனால் பாட்டுக்கு யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. "ஓலையில மழை சொட்டுற சத்தத்தைத் திருடி, திருப்பித் திருப்பித் தட்டினான். இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"அந்த மழையை நீயும்தானே கேட்ட?" என்றது அணில். "நீ ஏன் தட்டல?"

ஓணானுக்குக் கழுத்து சிவந்துவிட்டது. "இப்பக் கேளுங்கடா, எவன்கிட்டயும் எடுக்காத என் சொந்தச் சரக்கு!" என்று வாலைத் தூக்கிக் காய்ந்த கிளையில் அடித்தது.

டக்... டக்டக்.

எல்லோரும் சட்டென்று மரங்கொத்தியின் பொந்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஓணானும்தான்.