நெற்றியில் ஒரு சிவப்பு

"பழைய வேலையை விட்ட காரணம்னு கேட்ட எடத்துல 'ஆடு'ன்னு எழுதியிருக்கீங்க. கிண்டலா?"

லாக்லன் விண்ணப்பத்தை மேசையில் போட்டார். சிட்னியில் ஒரு முதலீட்டு ஆய்வு நிறுவனத்தின் தலைவர். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று அவருடைய ஆட்கள் எழுதுவதை நம்பித்தான் பலர் ஓய்வுக்காலப் பணத்தைப் போடுகிறார்கள். வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம்.

எதிரே இருந்த மெரடித்துக்கு நாற்பத்தொன்று. ஒருகாலத்தில் தணிக்கையாளர். பதினான்கு வருடமாக டபோ என்ற உள்நாட்டு ஊரில் கடைக்காரர்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கணக்குக்காரி ஆய்வுக்குச் சரிப்பட மாட்டாள் என்று மூன்று நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. இதுவும் போனால் மறுபடி ரசீது அடுக்க வேண்டியதுதான்.

"கிண்டல் இல்லீங்க. நிஜமாவே ஆட்டாலதான் வேலை போச்சு."

"அதைப் பத்தி அப்புறம் பேசுவோம். கணக்கு பாக்கறவங்க நேத்து நடந்ததை எழுதறவங்க. எங்களுக்கு நாளைக்கு நடக்கப்போறது வேணும். நீங்க இங்க வந்து என்ன செய்யப்போறீங்க?"

"நேத்தைப் பத்தியே பொய் சொல்ற கம்பெனிக்கு, நாளைக்கு என்ன ஜோசியம் பாக்கறது?"

சொன்ன பிறகுதான் மெரடித் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு வாய் எப்போதுமே ஒரு படி முன்னால்தான் போகும்.

லாக்லன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி, ஆட்டைச் சொல்லுங்க."

"ஜூன் முப்பது, வருஷக் கணக்கு முடியற நாள். ஒரு பண்ணைக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வரப்போகுது. கம்பளிக்குப் பேர்போன உசத்தியான மெரினோ கிடா ஆயிரத்து இருநூறு இருக்குன்னு ஏட்டுல எழுதியிருந்தாங்க. நான் எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடணும். காலையில ஒரு பட்டியில எண்ணினேன். அறுநூறு, சரியா இருந்துச்சு."

"அப்புறம்?"

"பாவம், கால் கடுக்க நிக்கறீங்களேன்னு மேனேஜர் சாப்பிடக் கூட்டிட்டுப் போனார். சுடச்சுட கறி பஃப், அதுக்கு மேல கேக், அதுக்கு மேல டீ. ரெண்டு மணி நேரம் எழுந்திருக்க விடலை. தணிக்கைக்கு வந்தவளுக்கு இவ்வளவு உபசாரமான்னு அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சாயங்காலம் அடுத்த பட்டிக்குப் போனேன். அங்கயும் அறுநூறு."

"ஆக மொத்தம் ஆயிரத்து இருநூறு. கணக்கு சரிதானே?"

"எண்ணின சரக்குல குறி போடறது எங்க தொழில் பழக்கம். ஆட்டுக்குப் போட சாக்பீஸ் கொண்டுபோக மறந்துட்டேன். கைப்பையில லிப்ஸ்டிக்தான் இருந்துச்சு. காலையிலயே பத்துக் கிடாவுக்கு அதால நெத்தியில தீட்டி விட்டிருந்தேன். ரெண்டாவது பட்டியில பார்த்தா, ஒருத்தன் நெத்தி நிறைய சிவப்போட என்னையே மொறைச்சுக்கிட்டு நிக்கறான்!"

லாக்லனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "ஒருத்தன்தானா? பத்துக்குப் போட்டீங்களே?"

"மத்த ஒம்பதும் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை."

"தூறல்ல கரைஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு லாக்லன் பேனா மூடியைத் திருகினார்.

"இருக்கலாம். அந்த ஒருத்தன் போதும் எனக்கு. அதே ஆடுங்களைத்தான் லாரியில கொண்டுவந்து ரெண்டாந்தடவை காட்டறாங்கன்னு புரிஞ்சுபோச்சு. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போச்சுன்னு எங்க ஆபீஸ்ல என்னையும் அனுப்பிட்டாங்க. ஆனா கம்பெனி சந்தைக்கு வரலை, யார் பணமும் முழுகலை. கணக்கு தெரிஞ்சவ என்ன செய்வான்னு கேட்டீங்களே, இதைத்தான் செய்வேன்."

லாக்லன் விண்ணப்பத்தில் ஏதோ எழுதி மூடினார். "திங்கக்கிழமை வந்துடுங்க."

மெரடித்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க. கணக்குக்காரங்கன்னாலே உங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன்."

"நானே கணக்கு படிச்சவன்தான். இந்த வேலைக்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் கிடையாது. உங்களைப் பேசவைக்கத்தான் சீண்டினேன்."

நன்றியை இன்னொரு முறை சொல்லிவிட்டு எழுந்து நடந்தவள், கதவருகே நின்றாள்.

"லாக்லன், அன்னிக்குத் தூறல் போட்டுதுன்னு நான் சொல்லவே இல்லையே?"

அவரும் எழுந்து நின்றார்.

"நன்றி நான்தான் சொல்லணும், மெரடித். உங்களைப் பாத்துத்தான் நான் கணக்கே படிச்சேன். நீங்க கேக் சாப்பிட்டுட்டிருந்தப்போ அந்த லாரியை ஓட்டினவன் நான். நெத்திச் சிவப்பைத் துடைச்சிட்டு ஏத்துடான்னு சொல்லிட்டுத்தான் மேனேஜர் உங்களை உள்ள கூட்டிட்டுப் போனார். ஒம்பதைத் துடைச்சேன். பத்தாவதைத் துடைக்க மனசு வரலை."