மஞ்சள் பல்பும் மயில்நீலப் புடவையும்

கடைசியில் நிச்சயம் சிரிப்பீர்கள். இப்போதே பல்லைக் காட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

மஞ்சள் பல்பு எரிந்த அறையில் ஒரு மயில்நீலப் புடவை. இரண்டு கேமராக்களில் அதன் நிறத்தை அப்படியே பிடிப்பதுதான் நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகும். மற்றது பெட்டிக்குள் கிடக்கும்.

மலிவு விலைச் சின்னக் கேமரா முதலில் வெறும் வெள்ளைத் தாளைப் படம் பிடித்தது.

“க்க்கும்! தாளுக்கா தம்பி கல்யாணம்?” என்று கனைத்தது விலை உயர்ந்த பெரிய கேமரா.

“லென்ஸ் நடுங்குதுண்ணே, பழகிக்கிறேன்.”

பிறகு இரண்டும் புடவையைப் பிடித்தன. பெரியதன் படத்தில் புடவை பாசிப் பச்சையாக வந்தது. சின்னதன் படத்திலோ மயில் கழுத்தே வந்து உட்கார்ந்திருந்தது.

“அம்மாடி! என்ன நீலம்டா இது!” பெரியது அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தது. அப்புறம் மெல்லக் கேட்டது: “டேய்... இந்த மஞ்சள் வெளிச்சத்துல வெள்ளைத் தாள் எப்படித் தெரியுதுன்னு முதல்லயே பார்த்து, அந்த மஞ்சளைக் கழிச்சுட்டியாடா?”