கேட் வரைக்கும்

முதல் ஆட்டத்தில் ஒரு தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கினால், அவன் அந்த நொடியே மறைந்துவிடுகிறான்.

இரண்டாவது ஆட்டத்தில் அப்படி இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தொழிற்சாலையின் கேட் வரைக்கும் நடந்து போகிறான். பதினோரு விநாடி ஆகிறது. அவன் கேட்டைத் தாண்டும்வரை ‘திரும்பக் கூப்பிடு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் மின்னிக்கொண்டே இருக்கிறது.

“வீணாகப் போகும் பதினோரு விநாடி” என்று எச்.ஆர். தட்டச்சு செய்தார்.

கம்பெனியில் ஆட்களை எடுப்பதும் அனுப்புவதும் அவர் வேலை. வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலை கட்டி நடத்துகிற கம்ப்யூட்டர் ஆட்டங்களை ஒப்பிட்டு ஓர் இணையதளத்துக்கு எழுதுவார். வாரம் ஆறு நாளும் செய்வதையே ஏழாவது நாளும் உட்கார்ந்து செய்கிற மனுஷனை என்ன சொல்ல என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு மச்சினனை வரச் சொல்லியிருந்தார். மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரே சேர்த்துவிட்டது.

நாளை காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பேருக்கு வேலை போகிறது. பட்டியலில் ஏழாவது பெயர் மச்சினனுடையது. யார் வாயாலோ அவன் அதைக் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டார்.

வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சுதான் வந்தது.

மச்சினன் கை வைத்தால் எந்தத் தொழிற்சாலையும் உருப்படாது. ஒருத்தனையும் நீக்கமாட்டான். பெட்டியைக் கீழே போடுகிறவன், நின்றுகொண்டே தூங்கி வழிகிறவன், எல்லாரையும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவான். உற்பத்தி பூஜ்யம், தோட்டம் மட்டும் காடாக மண்டிக் கிடக்கும். இரண்டு ஆட்டத்திலும் இதே கூத்து.

“இப்படிப் போனா கம்பெனி மூழ்கிடும்டா மாப்ள.”

“மூழ்கட்டுமே மாமா. எல்லாருக்கும் நீச்சல் கத்துக்கொடுத்துடலாம்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது அவருக்கே பிடிக்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டரில் குனிந்து எதையோ சரிசெய்தார். மவுஸை மச்சினன் பக்கம் தள்ளினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, “ஆபீஸ்லேர்ந்து. நீ ஆடிட்டு இரு” என்று பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“ம்... ம்... சரி” என்றார், ஐந்தாறு தடவை. கீழே ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஆள் கழுவி முடித்து, துடைத்து முடித்து, வாளியைக் கவிழ்த்து வைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்தபோது மச்சினன் எழுந்து வாசலில் நின்றிருந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ரெண்டாவது ஆட்டம்தான் நல்லா இருக்கு மாமா. அப்படியே எழுதுங்க.” செருப்பை மாட்டினான். “கேட் வரைக்கும் வர்றீங்களா?”

“எழுதி முடிக்கணும்டா. நீ போயிட்டு வா.”

அவன் தலையாட்டினான். படியிறங்கும் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் இரண்டாவது ஆட்டம் பாதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மச்சினன் முதல் தடவையாக ஓர் ஆளை நீக்கியிருந்தான். தொப்பியில்லாத அந்தச் சின்ன உருவம் கேட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றது. இந்த ஆட்டத்தில் ஆட்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். அந்த உருவத்தின் தலைக்கு மேலே மச்சினன் தன் பெயரை எழுதியிருந்தான்.

பச்சைப் பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது.

திரையின் மறுபாதியில் பன்னிரண்டு பேர் பட்டியல், அவர் திறந்து வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது. ஏழாவது வரி பளிச்சென்று தெரியும்படி அதைக் கொஞ்சம் பெரிதாக்கியும் வைத்திருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலுக்குப் போகலாமா என்று நினைத்தார். போகவில்லை.

மனைவி மூன்று காபியோடு வந்தாள்.

“அதுக்குள்ள போயிட்டானா? நீங்களாவது பிடிச்சு வைக்கக் கூடாதா? அவ்வளவு நேரம் யாருங்க போன்ல?”

“யாருமில்ல” என்றார்.

உண்மைதான். போன் அடிக்கவே இல்லை.