வாசலைப் பார்க்கும் இடம்

கீழ்க்கட்டளையில் நடன வகுப்பு நடக்கும் மாடி ஹாலில் மாலை வெயில் பாதித் தரை வரைக்கும் கிடக்கிறது. இந்த வருஷ பாலே நாடகத்தில் இளவரசியாக ஆடப்போவது யாரென்று இன்றைக்குத் தெரிந்துவிடும். போன வருஷம் ஏஞ்சல்தான். இப்போதும் அவள் ஆடி முடித்து, மூச்சு வாங்க, கண்ணாடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். நுனிக்காலில் ஏழு சுற்றும் பிசகாமல் வந்தது அவளுக்கே தெரியும். அடுத்து அதே இசைக்கு அஞ்சலி சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றிலேயே கால் தள்ளாடுகிறது. "விட்டுட்டா பாருங்க மிஸ்," என்கிறாள் ஏஞ்சல் மெதுவாக. "கொஞ்சம் இரும்மா," என்கிறார் ஜான்சி மிஸ், கண்ணை எடுக்காமல். கீழே ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிரிந்து போனவன் வருகிறானா என்று இளவரசி வாசலைப் பார்க்கும் இடம் வருகிறது. ஏஞ்சல் அங்கே கையை விரித்து, கழுத்தை அழகாக நீட்டியிருந்தாள். அஞ்சலி கையைத் தூக்கக்கூட இல்லை. படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டவள்போல மூச்சை நிறுத்துகிறாள், சட்டென்று திரும்புகிறாள். ஜான்சி மிஸ் வாசலைப் பார்க்கிறார். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஏஞ்சலும் தன்னையறியாமல் திரும்பிவிடுகிறாள். அங்கே செருப்புகள் மட்டும் கிடக்கின்றன.