பிடித்த கை

ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் நின்று, போனில் மனைவி எஸ்தரிடம் சீறினான் சாலமோன்.

"நேத்தும் அவன் உன் கையைப் பிடிச்சிக்கினு இருந்தானா?"

"விடிய விடிய."

"உதறத் தெரியாதா உனக்கு? வேலையை விட்டுட்டு வரச் சொல்லி அம்மா கத்தறாங்க. ஊர் வாயை யாரு மூடறது?"

"காலையில கையையும் விட்டுட்டார், உசுரையும் விட்டுட்டார்."

"இன்னா சொல்ற?"

"எல்லையில குண்டு பட்டு வந்தவருங்க. ரெண்டு கண்ணுலயும் கட்டு. இந்த மிலிட்டரி ஆஸ்பத்திரியில நம்மூர்ப் பேச்சு பேசற நர்ஸ் நான் ஒருத்திதான். 'இன்னாங்க, வலிக்குதா'ன்னு கேட்டதும் பொண்டாட்டின்னே நெனச்சிட்டார். இல்லன்னு சொல்ல மனசு வரல."

"அவருக்கு எந்த ஊரு?" என்றான் சாலமோன்.

"அவருக்குக் காவேரிப்பாக்கம். அவர் பொண்டாட்டியைப் போய்ப் பாருங்க. கடைசி வரைக்கும் அவ பேரைத்தான் சொன்னார்னு சொல்லுங்க. பிடிச்சது என் கைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்கு எரியற மாதிரிதான் அவளுக்கும் எரியும்."