மேவிஸ் டாட்ஸின் வெள்ளைப் பேசின்

மேவிஸ் டாட்ஸ் தன் வெள்ளைப் பீங்கான் பேசினைக் கொண்டுவந்து, பின்கதவுக்கு வெளியே நீண்டிருந்த ரப்பர் குழாயின் வாய்க்கு நேராக வைத்தாள்.

"நல்லா பாத்துக்கோ வில்ஃப். இப்பத்தான் தேய்ச்சுக் கழுவினேன். அப்புறம் பேசின்லதான் அழுக்கு இருந்துச்சுன்னு சொல்லப்படாது."

வில்ஃப்ரெட் ஹெப்பிள் எழுபத்திநான்கு வயதில், முழங்காலை ஊன்றி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் அடித்திருகில் ஸ்பானரை மாட்டிக்கொண்டிருந்தார். குழாய் வேலைக்கு வந்தவர் டை கட்டியிருந்தார்.

கட்டாமல் எப்படி வருவது? இது குழாய் வேலை மட்டுமல்ல.

போன வியாழக்கிழமை, தேவாலயக் கூடத்துச் சீட்டாட்டத்தில், நாற்பது பேர் நடுவே மேவிஸ் சொன்னாள். அவள் வீட்டு ரேடியேட்டர்கள் பாதிக்குக் கீழே சில்லென்று கிடக்கின்றனவாம். ஹெப்பிள் வீட்டுப் பிள்ளை மருந்து ஊற்றாமலே ஊற்றியதாக எழுதிவிட்டுப் போகிறானாம்.

இங்கிலாந்தின் ஹெக்ஸம் ஊரில் மூன்று தலைமுறையாக வீடுகளைச் சூடாக வைத்திருக்கும் பெயர் அது. அப்பா, பிறகு அவர், இப்போது மகன் டங்கன்.

வில்ஃப்ரெட் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். "நானே வந்து தண்ணிய இறக்கிக் காட்டுறேன். கறுப்பா வந்தா, வண்டியில இருக்கிற எங்க பேர என் கையாலயே சுரண்டி எடுக்கிறேன்."

வீட்டுக் குழாய்களுக்குள் அடைபட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர். துருத்தடுப்பு மருந்து கலந்திருந்தால் எத்தனை வருடமானாலும் வெளிர் தேநீர் நிறத்தைத் தாண்டாது. கலக்காவிட்டால் இரும்பைத் தின்று மையாகிவிடும்.

அவர் திருகைத் திறந்தார். குழாய் ஒருமுறை துள்ளியது.

பேசின் கறுத்தது.

"முதல் தண்ணி எப்பவும் கலங்கித்தான் வரும்" என்றார்.

"வரட்டும், வரட்டும். எனக்கென்ன அவசரம்?" மேவிஸ் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் மாடிக்குப் போனார். காற்று உள்ளே புகுந்து தண்ணீர் இறங்குவதற்காக, ஒவ்வொரு அறையிலும் ரேடியேட்டரின் மேல்திருகைச் சாவியால் தளர்த்தினார். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார். இறங்கி வந்தபோது பேசின் நிரம்பி வழிந்து, முற்றத்துக் கல்லில் கறுப்பாக ஒரு கோடு சாக்கடை வரை போயிருந்தது.

"அழுத்தம் குறையுதுன்னு நீயே பச்சைத் தண்ணிய அப்பப்ப உள்ள விட்டியா? அப்படி விட்டா மருந்து நீர்த்துப் போயிடும்."

"எந்தத் திருகுன்னே எனக்குத் தெரியாதேப்பா. அழுத்தம் காட்டுற அந்த முள்ளும் அஞ்சு வருஷமா இருந்த இடத்தவிட்டு அசையல."

அவர் வந்தவுடன் முதலில் பார்த்தது அந்த முள்ளைத்தான். அது சரியாகத்தான் நின்றது.

பாய்லரின் மூடியைக் கழற்றினார். உள்ளே நூலில் தொங்கிய அட்டையில் ஐந்து அக்டோபர்கள் இருந்தன. ஐந்து வரியிலும் ஒரே வாசகம்: 'மருந்து ஊற்றப்பட்டது.' கீழே டங்கனின் சாய்ந்த கையெழுத்து.

வீட்டுக்காரர் கண்முன் காலிப் புட்டியைக் காட்டிய பிறகுதான் அட்டையில் பேனாவை வைக்க வேண்டும். அவருடைய அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. வேறு எந்தக் கம்பெனியிலும் கிடையாது. டங்கனின் பதினாறாவது வயதில், முதல் நாள் வேலையில், அவர் அவனுக்குச் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான்.

"காலிப் புட்டியக் காட்டினானா?"

"காட்டாம? வருஷா வருஷம் காட்டினான், ரொம்ப மரியாதையா. மூடியில பச்சைப் பெயிண்ட் ஒரு பொட்டு இருக்கும்."

"எந்த வருஷம்?"

மேவிஸ் முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"எல்லா வருஷமும் அதே பொட்டுதான் வில்ஃப். அதனாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

பேசினை அவளே தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தாள்.

அவர் வேலையை முடித்தார். தண்ணீர் தெளிந்து வரும்வரை குழாய்களை மூன்று முறை அலசினார். அடித்திருகை இறுக்கினார். புதுப் புட்டியின் சீலை உடைத்து மருந்தைக் கடைசிச் சொட்டு வரை உள்ளே இறக்கினார். இணைப்புக் குழாயைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டு, அறை அறையாகப் போய்க் காற்றை வெளியேற்றினார். முள் ஏறி ஒன்றுக்குச் சற்று மேலே நின்றது. பாய்லர் உறுமிப் பிடித்துக்கொண்டது.

காலிப் புட்டி கையிலேயே இருந்தது. அதை உயர்த்திக் காட்ட அவரால் முடியவில்லை.

"காட்ட வேணாம்ப்பா" என்றாள் மேவிஸ். "உன்னை எனக்குத் தெரியாதா? ஏதோ ஒரு வீட்டுல சோம்பல் பட்டுட்டான். நான் டீயும் கேக்கும் குடுத்து வாயடிச்சேனே, அதுலயே நேரம் போயிருக்கும். நான் வெளிய மூச்சு விடமாட்டேன், போ."

ஒரு வீடு.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் முற்றத்துக்கு வந்தார். ஒரு வீடு என்றால் ஒரு தப்பு. திட்டலாம், கூட்டிவந்து அவள் காலடியில் மன்னிப்புக் கேட்க வைக்கலாம். பெயர் பிழைத்துவிடும். தோளை நிமிர்த்தி, டையைச் சரிசெய்துகொண்டு, மகனை போனில் அழைத்தார்.

"தண்ணிய இறக்கிப் பாத்தேன்டா. கறுப்பா வந்துச்சு."

மறுத்தால்கூடப் போதும் என்றிருந்தது அவருக்கு.

டங்கன் மெல்லக் கேட்டான்.

"எந்த வீட்டுலப்பா?"