செவ்வாய்க்கிழமைக் கெட்டிமேளம்

"செவ்வாய்க்கிழமையில ஆருக்குத் தம்பி கலியாணம்?"

வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்த பக்கத்து வீட்டுக் கௌசலா வாசலில் நின்றே கேட்டாள்.

சுஜிதன் நிமிரவில்லை. பழைய ஸ்டீரியோ அம்ப்ளிஃபையர்களைத் திருத்தி, புதுச் சாமான் போட்டு, வீட்டில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு விற்பவன். மாங்குளத்தில் அவனுக்கு நல்ல பெயர். மேசையில் மூடி கழற்றிய ஒரு ஜப்பான் அம்ப் கிடந்தது. அதற்கு நாற்பது வயது. தூக்க இரண்டு பேர் வேண்டும். அதை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டு, வாராவாரம் எதையாவது மாற்றிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"உம்மைத்தான் கேக்கிறன். ஒரு மாசமா ஒவ்வொரு செவ்வாயும் மூண்டு மணிக்குக் கெட்டிமேளம் போடுறீர். முப்பத்தெட்டு வயசாகியும் கழுத்தில ஒண்டும் ஏறாதவளைப் பகிடி பண்ணுறீரோ?"

"ஐயோ, இல்லையக்கா."

"பகிடியெண்டாலும் பரவாயில்லை. எங்கட அண்ணாவை யோசிச்சுப் பாத்தீரோ?"

அண்ணன் விஜிதரனை யோசிக்காமல் கௌசலாவுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும், வெடிச்சத்தம் கேட்டால் அவன் ஓடுவான். போன வருஷம் ரோட்டில் ஒரு லொறி டயர் வெடித்தது. அவ்வளவுதான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையும் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டான். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அடி அடியாக வழி பார்த்து அவனை வெளியே கொண்டுவர நாலு மணித்தியாலம் எடுத்தது. அன்றிலிருந்து குசினியில் ஒரு சட்டி விழுந்தாலும் கௌசலா அண்ணன் இருக்கிறானா என்று ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

"மேளத்துக்கு அண்ணை பயப்பிடமாட்டார், அக்கா."

"அதை நீர் சொல்லுறீரோ? அவர் ஓடினா ஆர் பின்னால போறது? நீரோ?"

சுஜிதன் மணிக்கூட்டைப் பார்த்தான். மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அவசர அவசரமாக ஸ்பீக்கர் வயரை மாட்டினான்.

கௌசலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"இண்டைக்கு இது பாடாது."

சுஜிதனின் முகம் வெளிறிப்போனது.

"அக்கா, உங்கட காலைப் பிடிக்கிறன். பத்து நிமிஷம் விடுங்கோ. பிறகு நானே இதை உடைச்சுப் போடுறன்."

"ஏலாது."

போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணை, ஜெயரூபி கதைக்கிறன். நாங்கள் தோண்டி எடுத்த கண்ணிவெடியளை இன்னும் ரெண்டு நிமிஷத்தில வெடிக்க வைக்கப்போறம். போன செவ்வாயை விட இண்டைக்குக் கிட்ட. மேளத்தைப் போடுங்கோ."

ஒரு மாதமாக அந்த மேளத்துக்குள் என்ன மறைந்திருந்தது என்று கௌசலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிடுங்கிய பிளக்கை அவளே செருகினாள்.

அம்ப்பில் லைட் எரிந்தது. சத்தம் வரவில்லை.

"ஏன் தம்பி பாடேல்ல?"

"பழசு, அக்கா. போட்ட உடன பேசாது. கொஞ்ச நேரம் செல்லும்."

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிடாத தெய்வமில்லை. அண்ணா, எழும்பாதேங்கோ. அண்ணா, இருங்கோ.

அம்ப்புக்குள் 'டிக்' என்றது. தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாகக் கிளம்பின. கூரைத் தகரம் அதிர்ந்தது. நடுவில் ஒரு தரம் காலடியில் நிலம் குலுங்கிற்று. காதில் மேளம் மட்டும்தான் விழுந்தது.

கௌசலா வேலிக்கு ஓடினாள். முருங்கைக்குக் கீழே விஜிதரன் கதிரையில் இருந்தபடி, வலது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஓடவில்லை.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்து சுஜிதனின் கையைப் பிடித்தாள்.

"என்ர அண்ணாவுக்காக இவ்வளவு செய்திருக்கிறீர். நான் என்னவெல்லாம் கதைச்சுப்போட்டன்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி?"

சுஜிதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணைக்காக இல்லை, அக்கா."

"பின்ன?"

"வெடிக்க வைக்கிற நேரம் போட்ட அறிவித்தலை அண்ணைதான் முதல் வாங்கினவர். உங்களிட்டக் காட்டாமல் என்னட்டக் கொண்டுவந்தவர். 'எனக்கு நிலம் அதிர்றது காலிலயே தெரியும், மேளம் மறைக்காது. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பன். வெடி கேட்டா, நான் ஓடிடுவன் எண்டு தங்கச்சிதான் பயந்து சாகிறாள். தாலி கட்டேக்க கெட்டது காதில விழக்கூடாது எண்டுதானே கெட்டிமேளம் கொட்டுறது? அதைப் போடு. அவளுக்குக் கேளாமல் பாத்துக்கொள்' எண்டு கேட்டவர்."

கௌசலா திரும்பவும் வேலிக்கு மேலால் பார்த்தாள்.

விஜிதரனின் வலது கை இன்னும் தாளம் போட்டது. இடது கை, விரல்கள் வெளுக்க, கதிரையின் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.